பச்சை மரத்தில் செதுக்கியவை: இரண்டு வருடத்துக்குப் பிறகு எது மிஞ்சியது

2023 மார்கழி பிறந்த அன்று பிடித்த மழை. மறுநாள் சேரன்மகாதேவிப் பக்கம் தாமிரபரணி எது, வயக்காடு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், சின்ன வயதில் எந்த மரத்து இலையைச் சுருட்டி பீப்பி ஊதினேனோ அந்தப் பூவரசு வேரோடு வேலிமேல் படுத்திருந்தது. கொய்யாவில் ஒரு கவடு முறிந்திருந்தது. கரண்டுக் கம்பியில் உரசுகிறது என்று தை மாதம் வேப்பங்கிளைகளையும் வெட்டிப் போட்டார்கள். ஒரே நேரத்தில் மூன்று வகை மரம், மூன்றும் ஈரம் காயாத பச்சை. மரக்கரண்டி செதுக்கும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கை அரித்துக்கொண்டிருந்த ஆளுக்கு வேறென்ன வேண்டும்? விறகுக்குக் கேட்டு வந்தவர், "இத வச்சு என்ன செய்யப் போறீய அண்ணாச்சி?" என்றார். அப்போது என்னிடம் சரியான பதில் இல்லை.

முதலில் தோற்றதைச் சொல்லிவிடுகிறேன். முக்கால் அடி விட்டமுள்ள வேப்பங்கட்டையை முழுசாக நிறுத்தி, ஒன்றரை அடிப் பிள்ளையார் செய்ய ஆரம்பித்தேன். பச்சை வேம்பு உளிக்கு நன்றாகவே இணங்கியது. சித்திரைக்குள் தும்பிக்கை வந்துவிட்டது, வயிறும் வந்துவிட்டது. ஆனி பிறந்து மேல்காத்து அடிக்க ஆரம்பித்ததும் ஒருநாள் ராத்திரி வராந்தாவில் 'டப்' என்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் உச்சந்தலையிலிருந்து இடது கண் வழியாக வயிறு வரை வெடிப்பு. ஒரு ரூபாய்க் காசை அதில் செருகி நிறுத்தலாம்.

தெருவில் தச்சு வேலை பார்க்கும் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "உருட்டுக் கட்டையை முழுசா வச்சா வெடிக்காம என்னல செய்யும்?" என்றார். அவ்வளவுதான் அவர் பாடம். மீதியைப் படித்துத் தெரிந்துகொண்டேன். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, வளையத்தைச் சுற்றிச் சுருங்கும். முழுக்கட்டையில் அந்தச் சுருக்கத்துக்குப் போக்கிடம் கிடையாது, அதனால் எங்கேயாவது ஓரிடத்தில் பிளந்துதான் ஆக வேண்டும். கட்டையை நடுச்சோறு, அதாவது மையத்தில் இருக்கும் மெத்தென்ற பகுதி, வழியாக இரண்டாகப் பிளந்து, அந்தச் சோற்றையும் செதுக்கித் தள்ளிவிட்டால் மரத்துக்கு அசைய இடம் கிடைக்கிறது. அதன் பிறகு எந்தப் பச்சை மரம் கைக்கு வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இதில் செய்யப்போகும் சாமான் கொஞ்சம் கோணினால் பரவாயில்லையா? கரண்டி, கிண்ணம், தோசைத்திருப்பி, கத்திப்பிடி கோணலாம். மூடி போட்ட டப்பா கூடாது, செருகு வேலை உள்ள எதுவும் கூடாது. சிலை கூடவே கூடாது, குறைந்தது முழுக்கட்டையில்.

இனி கொண்டாட்டம், பூவரசு. பட்டையை ஒட்டி வெளுப்பு, உள்ளே சாக்லெட் நிற வைரம், அதாவது முற்றிய உள்மரம். பச்சையாக இருக்கும்போது கத்தி வெண்ணெயில் போவதுபோல் போகும் என்றால் பொய். கொழுக்கட்டை மாவில் போவதுபோல் என்று வேண்டுமானால் சொல்லலாம். கோடாலியால் பிளந்து, தச்சர் கொத்திச் செதுக்கும் வாச்சியால் உருக்கொடுத்து, குழிவை மட்டும் அலகு வளைந்த கொக்கிக் கத்தியால் குடைந்தேன். ஆன்லைனில் வாங்கிய முதல் கொக்கிக் கத்தி இரண்டு கரண்டியில் மழுங்கிப்போய், வளைவுக்குள் சாணை பிடிக்க வழி தெரியாமல் திண்டாடியது தனிக் கதை.

செதுக்கி முடித்த முதல் கரண்டியைச் சமையலறைத் தராசில் வைத்தேன், 88 கிராம். அவசரமாகக் காய்ந்துவிடாமல் இருக்க, அதன் சீவலையே ஒரு சாக்கில் கொட்டி, அதற்குள் கரண்டியைப் புதைத்துக் காத்தாடி இல்லாத அறையில் வைத்தேன். தினமும் எடுத்து எடை பார்ப்பேன். பன்னிரண்டாம் நாள் 57 கிராமில் வந்து நின்றது, அதற்குமேல் இறங்கவில்லை. எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். வேறு கருவி எதுவும் தேவைப்படவில்லை. இன்றைக்கும் குழம்புச் சட்டியில் அந்தக் கரண்டிதான் கிடக்கிறது. முனை ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது, விரிசல் இல்லை.

பாதிக்கட்டையில் குடைந்த பூவரசுக் கிண்ணம் 18 சென்டிமீட்டர் வட்டமாக இருந்தது. காய்ந்ததும் குறுக்கே ஒரு சென்டிமீட்டர் குறைந்து நீள்வட்டமானது. இழை ஓடும் வாக்கில் சுருக்கம் மிகவும் சொற்பம், குறுக்கேதான் எல்லாம். சுவர் எங்கும் ஒரே கனத்தில் இருந்ததால் தப்பித்தது. அடியைத் தடியாக விட்ட இன்னொரு கிண்ணம் அடியிலேயே வெடித்தது. ஹவாய்த் தீவுகளில் இதே மரத்துக்கு மிலோ என்று பெயர், அங்கேயும் இதில் சாப்பாட்டுக் கிண்ணம் குடைந்திருக்கிறார்கள் என்று பின்னால் படித்தபோது கொஞ்சம் கர்வமாக இருந்தது.

கொய்யா வேறு ரகம். காய்ந்துவிட்டால் கத்தியை மதிக்காது, அதனால் வெட்டிய வாரத்திலேயே முடித்துவிட வேண்டும். ஈரக் கொய்யாவில் இரும்பு பட்ட இடமெல்லாம் நீலக்கறுப்பாகக் கறை விழுந்தது. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. எலுமிச்சை மூடியைத் தேய்த்ததும் வெளுத்தது. அதில் செய்த இரண்டு தோசைத்திருப்பிகளும் அரிவாள்மணைக்குப் போட்ட புதுக் காலும் கல் மாதிரி இருக்கின்றன.

மாமரம் பக்கத்து வீட்டு மதினி கொடுத்தது. அப்புறம் பார்க்கலாம் என்று மழைக்காலத்தில் மூலையில் போட்டேன். இரண்டு மாதத்தில் நீலம் பாரித்து, குண்டூசித் துளைகள் விழுந்து, அடியில் கோலப்பொடி போல மாவு கொட்டிக் கிடந்தது. வெளுப்பில் இருக்கும் மாவுச்சத்துக்குத்தான் இப்படித் துளைக்கும் வண்டு வருகிறது. மாமரத்தை உடனே செதுக்க வேண்டும், இல்லையென்றால் தொட்டித் தண்ணீரில் முக்கிவைத்து, நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். நாற்றம் வரும், வீட்டில் ஏச்சும் கிடைக்கும். முருங்கையைப் பற்றிக் கேட்காதீர்கள். முருங்கை நட்டவன் வெறுங்கையோடு போவான் என்பது செதுக்குகிறவனுக்கும் சேர்த்துச் சொன்னதுதான், பஞ்சு.

கட்டையைச் சும்மா வைத்திருக்க வேண்டி வந்தால், அறுத்த இரண்டு முகத்திலும் மெழுகோ மிச்சப் பெயின்டோ பூசிவிடுங்கள். ஈரம் அந்த வழியாகத்தான் அவசரமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். மரம் அறுக்க வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதும் முக்கியம். நான் சொல்ல மறந்ததால் பூவரசின் நல்ல அடிமரம் முக்கால்வாசி ஒரு அடித் துண்டுகளாகிவிட்டது. அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

எண்ணெய் விஷயத்தில், நல்லெண்ணெய் தேய்த்த கரண்டி பிசுபிசுத்துத் தூசி பிடித்தது. தேங்காய் எண்ணெய் காய்வதில்லை, ஆனால் தினமும் புழங்கும் சாமானுக்கு அது போதும். கிண்ணத்துக்குச் சாப்பாட்டுத் தரத்தில் ஆளிவிதை எண்ணெய் பூசினேன், இறுகிப் பிடித்துக்கொண்டது. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானில் பார்க்கிற அரக்குப் பளபளப்பு இதில் வராது. அது கடைசலில் சுழலும் மரத்தில் அரக்கை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே உருக்கி ஏற்றுவது. கைவேலையில் கத்தி போன தடம் தெரியும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

வெடித்த பிள்ளையாரை ஆச்சி எறிய விடவில்லை. கொய்யா அடியில் வைத்திருக்கிறாள். வெடிப்புக்குள் எறும்பு குடியேறியிருக்கிறது. நீள்வட்டக் கிண்ணத்தில் வெத்தலைபாக்கு வைத்துக்கொள்கிறாள். போன வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு பூவரசங்கிளையை வெட்டினார்கள், கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். பிளந்தாகிவிட்டது, முகத்தில் மெழுகும் பூசியாகிவிட்டது. மதினிக்கு ஒரு கரண்டி பாக்கி இருக்கிறது.