ஃபென்ட்டா, கல்ட்யூரா?

ஆஸ்திரியாவின் டிரோல் மலைகளில் ஒரே ஒரு ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்களுக்காக இது.

உயரம்: ஃபென்ட் 1,895 மீட்டர், கல்ட்யூர் 1,584.

வழி: ஃபென்ட்டுக்கு ஸோல்டன் வழியாக பஸ். அதைத் தாண்டி ரோஃபென் பண்ணைகள், அவ்வளவுதான், சாலை முடிந்தது. கல்ட்யூருக்கு லாண்டெக்கிலிருந்து பஸ். மேலே போகும் சில்வ்ரெட்டா மலைச்சாலை குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

வரலாறு: ஃபென்ட்டில் ஆடுகள்தான் கதாநாயகர்கள். இத்தாலிப் பக்கத்து ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து ஜூனில் பனிக்கணவாய்களைத் தாண்டி இங்கே மேய வரும், செப்டம்பரில் திரும்பும். நடுவில் நாட்டு எல்லை வந்தும் மேய்ச்சல் உரிமை மாறவில்லை. பனியில் உறைந்து கிடந்த 5,000 ஆண்டு பழைய ‘ஓட்ஸி’ மனிதனின் உடல் 1991-இல் கிடைத்ததும் அந்த எல்லை மலைமுகட்டில்தான்.

கல்ட்யூரின் கதை கனமானது. 1999 பிப்ரவரி 23 அன்று பனிச்சரிவில் அங்கே 31 பேர் இறந்தார்கள். அப்புறம் 345 மீட்டர் நீளத் தடுப்புச்சுவர் எழுப்பி, அதோடு சேர்த்தே அருங்காட்சியகமும் கட்டினார்கள். பார்க்க வெறும் கான்கிரீட்தான், ஆனால் அந்தச் சுவரின் நிழலில்தான் வீடுகள் நிற்கின்றன.

நடக்கத் தெம்பு இருந்தால் ஃபென்ட். குழந்தைகள், பெரியவர்களோடு என்றால் கல்ட்யூர். என்னைக் கேட்டால், சரி, செப்டம்பரில் ஃபென்ட்.