பத்மநாபபுரம் அரண்மனையும் அதன் அருங்காட்சியகமும்

தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனை குமரி மாவட்டத்து மண்ணில் நிற்கிறது; ஆனால் 1956 நவம்பர் 1 அன்று இம்மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய இந்த இடத்தை, எங்கள் ஊர் மழையிலும் ஈரக்காற்றிலும் மரம் உளுத்துப் போகாமல் காத்து வருவதற்காக முதலில் அத்துறையைப் பாராட்ட வேண்டும்.

பிற அருங்காட்சியகங்களில் பொருள்கள் தாம் இருந்த இடத்தை விட்டுப் பெயர்ந்து கண்ணாடிப் பேழைக்குள் வந்துவிடுகின்றன. இங்கே பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்துக்கு மேலே உள்ள மந்திரசாலையில், அரசர் அமைச்சர்களோடு கூடி முடிவெடுத்த அதே அறையில் நாம் நிற்கிறோம். வண்ண மைக்காத் தகடுகள் பதித்த சாளரங்கள் வெயிலைத் தணித்து உள்ளே விடுகின்றன. தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியவற்றைக் கலந்து இழைத்ததாகச் சொல்லப்படும் கருந்தரை, இன்றும் முகம் பார்க்கும் அளவுக்கு மின்னுகிறது. வளாகத்திலேயே பழமையான கட்டடமான தாய்க்கொட்டாரத்தில் (தாய் அரண்மனையில்), ஒற்றைப் பலாமரத்தில் கடைந்த தூணின் முன் குழந்தைகளை நிறுத்தி, அந்த வேலைப்பாட்டை மேலிருந்து கீழாகக் காட்டுங்கள்; நம் தச்சர்களின் கைத்திறனை விளக்க அதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. சுமார் 2,000 பேர் அமர்ந்து உண்ணக்கூடிய ஊட்டுப்புரை என்னும் உணவுக்கூடத்தின் பெருமளவை உணர, அதை ஒருமுறை சுற்றிவந்தாலே போதும்.

நவராத்திரி மண்டபத்தை ஒட்டியுள்ள சரஸ்வதி கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகு, ஆண்டுதோறும் நவராத்திரிக்கு அந்த அம்மன், வேளிமலைக் குமாரசுவாமியோடும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையோடும் அங்கே எழுந்தருளித் திரும்புகிறாள். இரு மாநிலங்களும் சேர்ந்து மரியாதை செய்யும் அந்தப் புறப்பாட்டை அறிந்தவர்களுக்கு இம்மண்டபம் வெறும் காட்சிப்பொருள் அல்ல.

வளாகத்தின் தொல்லியல் அருங்காட்சியகத்தைப் பலர் களைப்பினால் தவிர்த்துவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். இப்பகுதியின் கல்வெட்டுகள், கற்சிற்பங்கள், மரச்சிற்பங்கள், பழங்காசுகள் ஆகியவை அங்கேதான் உள்ளன. அரண்மனைக்கு முந்தைய நாஞ்சில் நாட்டை அறிய விரும்புவோர் அதற்கென்று தனியே ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

காலணிகளைக் கழற்றிவிட்டே அரண்மனைக்குள் செல்ல வேண்டும். மரப்படிகள் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருப்பதால், முழங்கால் வலியுள்ள பெரியவர்களைத் துணையின்றி மாடிக்கு அனுப்ப வேண்டாம். திங்கட்கிழமை விடுமுறை, நண்பகலில் இடைவேளை உண்டு என்பதால் காலையிலேயே சென்றுவிடுவது நல்லது.