ஆம்பூர் பிரியாணி, மக்கன் பேடா, தெருக்கூத்து என்று சொல்லி ₹11,400 வாங்கிக்கொண்டார்கள். வேலூர் பக்கம் 'சாப்பாட்டு உலா' புக் பண்ணப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

போன சனிக்கிழமை நடந்தது. இன்று வியாழன், இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு பேர், தலைக்கு 2,850. மொத்தம் ₹11,400. முழுப் பணமும் முன்கூட்டியே, யுபிஐயில்.

பெயர் போடப் போவதில்லை. சுற்றுலா புக் பண்ணுகிற ஒரு ஆப், அதில் கடை விரித்திருக்கிற ஒரு உள்ளூர் ஏற்பாட்டாளர், அவ்வளவுதான். பெயர் போட்டால் அடுத்த வாரம் வேறு பெயரில் வருவார்கள், செய்கிற வேலை அதேதான் இருக்கும். அதனால் செய்த வேலையை மட்டும் சொல்கிறேன். புக் பண்ணுமுன் பார்க்க வேண்டிய பத்து விஷயங்களைக் கடைசியில் எழுதுகிறேன்.

மலேசியாவிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திருந்தது. ஆப்பில் போட்டிருந்த திட்டம் இது: காலை 8 மணிக்கு ஏசி வண்டி, ஆம்பூரில் விறகடுப்புப் பிரியாணி தம் உடைப்பதைப் பார்த்துச் சாப்பிடுவது, இலவம்பாடியில் முள்ளு கத்திரிக்காய்த் தோட்டம், ஆற்காட்டில் மக்கன் பேடா செய்வதை நேரில் பார்ப்பது, இரவு 7 முதல் 8 வரை தெருக்கூத்து.

பணம் கட்டுமுன் போன் போட்டேன். எடுத்தவர் பேசிய பேச்சில்தான் விழுந்தேன். "பாஸ்மதி இல்ல சார், சீரக சம்பா. மிளகாத்தூள் போடமாட்டாங்க, காஞ்ச மிளகாய ஊறவச்சு அரைச்சு ஊத்துவாங்க. பதினோரு மணிக்கு தம் உடைப்பாங்க, பிரியாணி வேகுற தேக்சா பக்கத்துலயே நின்னு பாக்கலாம்." ஆம்பூர் பிரியாணி தெரியாதவன் வாயில் அரைத்த மிளகாய் என்ற பேச்சே வராது. எந்தக் கடை என்று கேட்டேன். "அது சர்ப்ரைஸ் சார், சொல்லிட்டா நீங்களே போயிடுவீங்க" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன் பாருங்கள், அங்கேயே வைத்திருக்க வேண்டும் போனை. க்யூஆர் ஸ்கேன் பண்ணினால் ஏற்பாட்டாளர் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆள் பெயர் வந்தது. "நம்ம அக்கவுண்டன்ட்தான் சார்." அனுப்பினேன். ₹11,400.

எட்டு மணி வண்டி 9.50-க்கு வந்தது. வேலூரிலிருந்து ஆம்பூர் சுமார் 50 கிலோமீட்டர். சுங்கச்சாவடிக்கு முன்னாலேயே வண்டியை சர்வீஸ் ரோட்டில் இறக்கி ஒரு ஓட்டல் வாசலில் நிறுத்தினார்கள், டோல் காசும் மிச்சம். "நம்ம கடை இன்னைக்கு லீவு சார். இங்கயும் ஆம்பூர் ஸ்டைல்தான்." பாங்காக் போகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லி அனுப்புவார்களே, அரண்மனை இன்றைக்கு மூடியிருக்கிறது என்று துக்-துக்காரன் சொன்னால் நம்பாதே, ரத்தினக்கல் கடைக்குத்தான் கொண்டுபோவான் என்று. அதே வித்தையை நம்மூர்க்காரன் நம்மூரில் நம்மிடமே காட்டுகிறான்.

தம் என்று காட்டியது கேஸ் அடுப்பில் ஒரு அலுமினியப் பாத்திரம். மூடி மேல் ஒரு கங்கு கிடையாது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், முறை இதுதான். கறி ஒரு கிலோ என்றால் அரிசியும் ஒரு கிலோ. எண்ணெயில் வெங்காயம் சிவந்து, இஞ்சி பூண்டு வதங்கி, அரைத்த மிளகாய் விழுது பச்சை வாசனை போய், தக்காளி, தயிர், புதினா, மல்லித்தழையோடு கறி வேகும். அரிசியைத் தனியாக அரைவேக்காட்டில் வடித்து அந்தக் கறியோடு சேர்ப்பார்கள். பிறகு அடியில் தணலைக் குறைத்து மூடி மேல் கங்கை அள்ளிப் போடுவார்கள், மேலும் கீழும் சூடு சமமாக இறங்க. திறந்தால் சோறு ஒரே நிறத்தில் இருக்காது. ஓரிடம் செம்பழுப்பு, ஓரிடம் வெளுப்பு. மூக்கில் ஏறுவது மிளகாயும் புதினாவும், பட்டை கிராம்பு பின்னால்தான் வரும்.

எங்கள் தட்டில் விழுந்தது நீள நீள அரிசி, ஒரே மஞ்சள். கலர் பவுடர். விரலில் ஒட்டியது சோப்பு போட்டும் சாயங்காலம் வரை போகவில்லை. சீரக சம்பா வடிக்கிற பதம் ஒரு நிமிஷம் தப்பினாலும் குழைந்துவிடும், அதற்குக் கை வேண்டும். நீள அரிசி தாங்கும், யார் வேண்டுமானாலும் கிண்டலாம். தொட்டுக்கொள்ள சால்னாவும் ஒரு அவித்த முட்டையும். கத்திரிக்காய் எங்கே என்றால் "தீந்துடுச்சு சார்". மணி 10.40! புளிப்பும் எண்ணெயுமாகக் கத்திரிக்காய் பக்கத்தில் இல்லாமல் வெங்காயப் பச்சடியை மட்டும் வைத்தாலே ஆம்பூரில் தட்டைத் திருப்பி அனுப்புவார்கள். இங்கே அந்தப் பச்சடியும் இல்லை.

கத்திரிக்காய்த் தோட்டம் இன்னும் மோசம். இலவம்பாடி இருக்கிற அணைக்கட்டு ஊர்ப் பக்கம் வண்டி திரும்பவே இல்லை. வழியில் ஒரு தள்ளுவண்டியில் கைடு நாலு காயை வாங்கி வந்து, "இதான் சார், ஜிஐ வாங்குன முள்ளு கத்திரிக்கா" என்று நீட்டினார். காம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே சொன்னார். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடிக் காயை அப்படிப் பிடிக்க முடியுமா? காம்பிலும் அதன் கீழ் பச்சைத் தொப்பியிலும் முள், செடித் தண்டிலும் இலையிலும் முள், அஜாக்கிரதையாகத் தொட்டால் ரத்தம் வரும். அவர் கையில் ஒரு கீறல் இல்லை.

மக்கன் பேடாவுக்கு ஆற்காட்டுக்குள்ளேயே போகவில்லை. மேல்விஷாரம் தாண்டுவதற்குள் ஒரு பேக்கரி. செய்வதைக் காட்டவில்லை, கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து ஆளுக்கு ஒன்று. ஸ்பூனால் குறுக்கே வெட்டினேன். பாகு ஓரத்தில் ஒரு நூல் அளவுதான் இறங்கியிருந்தது, நடுவில் வெள்ளைக் கட்டி, பருப்பு ஒன்றுகூட இல்லை. மக்கன் பேடா என்றால் கோவாவும் கொஞ்சம் மைதாவும் நெய்யும் சேர்த்து அழுத்தாமல் பிசைந்து, நடுவில் முந்திரி, பாதாம், பிஸ்தா பொடித்து வைத்து மூடி, மிதமான சூட்டில் நிதானமாகப் பொரிக்க வேண்டும். தீ அதிகமானால் மேல் தோல் கருத்துவிடும், உள்ளே மாவு வேகாது, வேகாத மாவில் பாகு ஏறாது. சித்தி தட்டில் இருந்தது அதுதான், ஜாமூன் மிக்ஸ் வாங்கிப் பிடித்த உருண்டை. ஒரு வாய் வைத்துவிட்டு "பரவால்லப்பா" என்று எனக்காகச் சொன்னார். பணம் போனதைவிட அதுதான் உறுத்துகிறது.

கூத்தைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. வடாற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து ராத்திரி பத்து மணிவாக்கில் ஆரம்பித்தால் விடியத்தான் முடியும். அரிதாரம் பூசி, கட்டை என்கிற மர அணிகளைக் கட்டி முடிக்கவே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். '7 முதல் 8 வரை தெருக்கூத்து' என்ற வரியைப் படித்தபோதே உறைத்திருக்க வேண்டும் எனக்கு. ஒரு கல்யாண மண்டபத்து பார்க்கிங்கில் மூன்று பையன்கள், ஜிகினா ஒட்டிய அட்டைக் கிரீடம், பாட்டுக்கு ப்ளூடூத் ஸ்பீக்கர். முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம் எதுவும் இல்லை, திரை பிடிக்க ஆள் இல்லை, கூத்தை நடத்திக்கொண்டு போகிற கோமாளி, கட்டியக்காரன்கூட இல்லை. 22 நிமிஷத்தில் முடித்துவிட்டு தட்டு ஏந்தினார்கள். பையன்கள்மேல் கோபமில்லை, அவர்களுக்கு எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். கோயில் கூத்துக்கு டிக்கெட்டே கிடையாது, பாயை எடுத்துக்கொண்டு போய் உட்காரலாம். அதற்கும் சேர்த்துத்தான் ₹11,400.

அதற்குப் பிறகு நடந்தது தனிக் கூத்து. ஞாயிறு: "ஓனர் திருப்பதியில இருக்காரு, வந்ததும் பேசச் சொல்றேன்." திங்கள், ஆப்பின் சாட்டில்: வருந்துகிறோம், நாங்கள் இணைத்து வைப்பவர்கள் மட்டுமே, திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது என்று விதிகளில் இருக்கிறது. செவ்வாய்: நல்லெண்ணமாக அடுத்த உலாவுக்கு 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன், 30 நாளுக்குள் பயன்படுத்த வேண்டுமாம்! புதன் அந்த உள்ளூர் ஆளே எடுத்தார். "இன்னா சார், நாலு பேரும் சாப்ட்டுகினு இப்ப வந்து காசு கேக்கறீங்க?" அதோடு என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார். ஆப்பில் நான் எழுதிய ஒற்றை நட்சத்திர விமர்சனம் 'பரிசீலனையில்' கிடக்கிறது. அதற்கு மேலே 'சூப்பர் எக்ஸ்பீரியன்ஸ்' என்று ஒன்பது பேர், ஒருவர்கூட என்ன சாப்பிட்டார் என்று எழுதவில்லை.

பத்து எழுதுகிறேன் என்றேன், பொறுமை இல்லை. கடை பெயரும் தெருவும் சொல்லாதவனுக்குப் பணம் அனுப்பாதீர்கள். சொன்னால் அந்தக் கடைக்கே போன் போட்டு இந்த ஆளைத் தெரியுமா என்று கேளுங்கள். பாதிக்கு மேல் முன்பணம் வேண்டாம், க்யூஆரில் வேறு பெயர் வந்தால் ஒரு ரூபாயும் வேண்டாம். தட்டு, அடுப்பு, போர்டு மூன்றையும் நேரம் தெரிகிற மாதிரி படம் எடுங்கள், நான் எடுத்தது இரண்டே படம். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே வராவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930. என் மாதிரி கேஸுக்கு நுகர்வோர் உதவி எண் 1915, நேற்றே பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, அங்கேயும் போவேன்.

சித்தப்பா ஞாயிறு கிளம்புகிறார். நாளைக் காலை ஏழரைக்கு அவரை ஆம்பூர் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போகிறேன்.