ஹீரோக்வெஸ்ட்: சண்டைக் கட்டைக்கு நூறு மார்க், நடைக் கட்டைக்கு முட்டை

ஹீரோக்வெஸ்ட் என்பது நாலு வீரர்கள் அரக்கர்களோடு மோதும் பலகை விளையாட்டு; ஒரு ஆள் தீய மந்திரவாதியாக இருந்து அரக்கர்களை நகர்த்துவார். எங்களிடம் இருக்கும் அதன் பழைய பலகைக்குப் போன வாரம் கும்பகோணத்தில் புது முதுகு கட்டி வாங்கி வந்தேன். 2018 நவம்பர் 16, கஜா புயல் அன்று மன்னார்குடி வீட்டில் ஓடு பறந்து, பரண்மேல் இருந்த பெட்டி நனைந்துவிட்டது. அன்றைக்குப் பிளந்த மடிப்பு இத்தனை வருஷமாக அப்படியேதான் கிடந்தது. பள்ளிக்கூடப் பதிவேடுகளுக்கு பைண்டிங் போடுகிற பெரியவர் ஒருவர், பிரிந்த இடத்தைக் கத்தியால் சுரண்டி, மயில்துத்தம் கலந்த மைதாப் பசை தடவி, காலிகோ துணியை இரண்டு பக்கமும் ஒட்டி, காயும்வரை மேலே கல்லை ஏற்றி வைத்திருந்தார். இப்போது பலகை தரையோடு படிந்து உட்காருகிறது. ராமபாணப் பூச்சியும் இனி கிட்ட வராது.

போட்டோவைப் பார்த்த தஞ்சாவூர் நண்பர் உடனே கேட்டார்: "பழைய பெட்டி ஒண்ணு விலைக்கு வருது. வாங்கலாமா, புதுப் பதிப்பே போதுமா?" அவருக்கு ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனதால் எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

தெரிந்த கதைதான். 1989இல் மில்டன் பிராட்லியும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பும் ஆகிய இரண்டு கம்பெனிகள் சேர்ந்து கொண்டுவந்தது. வடிவமைத்தவர் ஸ்டீபன் பேக்கர். தொண்ணூறுகளிலேயே நின்றுபோனது. 2020இல் கூட்டுநிதி திரட்டி, 2021இல் ஹாஸ்ப்ரோ தன் அவலான் ஹில் பெயரில் மறுபடி போட்டது. எங்கள் பெட்டி சிங்கப்பூர்ச் சித்தப்பா கொண்டுவந்த பழசு.

முதலில் சண்டைக் கட்டை, அதாவது சண்டையில் உருட்டுகிற பகடை. வெள்ளைக் கட்டையின் ஆறு முகத்தில் மூன்று மண்டையோடு, இரண்டு வெள்ளைக் கேடயம், ஒரே ஒரு கறுப்புக் கேடயம். அடிக்கிறவனுக்கு மண்டையோடு கணக்கு. தடுக்கும்போது வீரனுக்கு வெள்ளைக் கேடயம், அரக்கனுக்குக் கறுப்புக் கேடயம். அட்டவணை கிடையாது, கூட்டல் கழித்தல் கிடையாது. அதே கட்டையை நான் உருட்டினால் எனக்கு மூன்றில் ஒரு வாய்ப்பு, எதிரி உருட்டினால் அவனுக்கு ஆறில் ஒன்று. எழுத்து தெரியாத குழந்தைகூட முதல் சண்டையிலேயே யார் பிழைத்தார்கள் என்று சொல்லிவிடும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆட்டம் ஆடிப் பார்த்தாயிற்று, இவ்வளவு சின்ன இடத்துக்குள் இவ்வளவு யோசனையை அடக்கிய கட்டையை வேறெதிலும் பார்க்கவில்லை.

இதைச் செய்த அதே கையா அந்த இரண்டு சிவப்புக் கட்டையையும் பெட்டிக்குள் போட்டது? என் ஆத்திரம் முழுக்க அதன்மேல்தான்.

வீரன் நடக்க இரண்டு சிவப்புக் கட்டையை உருட்ட வேண்டும். விழுந்த எண்தான் கட்டம். சராசரி 7. ஆறு உருட்டலுக்கு ஒருமுறை நாலோ அதற்குக் கீழோ விழும். ஆனால் கோப்ளின் என்கிற அரக்கனுக்கு எப்போதும் 10 கட்டம், ஓர்க் என்கிற அரக்கனுக்கு 8. அவர்களுக்கு உருட்டலே கிடையாது! எட்டு உயிர்ப்புள்ளி வைத்திருக்கும் மாவீரன் தாழ்வாரத்தில் இரண்டு கட்டம் நகர்ந்து நிற்பான், கோப்ளின் ஓடிவந்து முதுகில் குத்தும். இரண்டாவது சாகசத்தில் சர் ராக்னரைச் சிறையிலிருந்து மீட்டுப் படிக்கட்டு வரைக்கும் கூட்டி வர வேண்டும். அங்கே வாங்கிய அடியெல்லாம் இந்தச் சிவப்புக் கட்டையால் வாங்கியது. ஆட்டத்துக்குள் இருக்கும் கடையிலேயே விலை கூடிய சரக்கு இரும்புத் தகட்டுக் கவசம். காசு சேர்த்து அதை வாங்கிப் போட்டால், நடக்க ஒரே கட்டைதான் உருட்டலாம். எங்கள் வீட்டில் அதை யாரும் சீண்டுவதில்லை.

தாயம் ஆடி வளர்ந்தவனுக்குக் கட்டைமேல் என்ன கோபம் என்று கேட்கலாம். தாயத்தில் விழுகிற எண் விதிதான். ஆனால் அந்த எண்ணை எந்தக் காய்க்குக் கொடுப்பது என்பது என் இஷ்டம். ஒன்றை மனையில் ஏற்றிவிட்டு இன்னொன்றால் வெட்டலாம். கெட்ட எண்ணுக்கும் ஒரு உபயோகம் இருக்கும். தாயம் விழாமல் உட்கார்ந்திருந்தாலும், விழுந்த பிறகு ஆட்டம் என் கையில். ஹீரோக்வெஸ்டில் எனக்கு ஒரே பொம்மை. இரண்டு விழுந்தால் இரண்டு, அதோடு சரி.

அதனால் எங்கள் வீட்டு விதி: ஒரு கட்டை உருட்டு, நாலைக் கூட்டிக்கொள். ஐந்திலிருந்து பத்துக்குள் நிற்கும். கவசம் போட்டவனுக்கு உருட்டலே வேண்டாம், நேராக நாலு. ஆட்டம் எவ்வளவோ தேவலை. தம்பி மட்டும் ஒத்துக்கொள்வதே இல்லை. "கூட வந்தவன் வந்து சேர முடியாம பின்னாடி மாட்டிக்கிறப்பதாண்ணே பயமே வருது. அதை எடுத்துட்டா என்ன இருக்கு?" என்பான். அதில் நியாயம் இருக்கிறது. கதவுக்குப் பக்கத்தில் தனியாக மாட்டிய மந்திரவாதி வீரனைக் காப்பாற்ற மற்ற மூவரும் தவித்த இரவுகள்தான் இன்றைக்கும் வீட்டில் பேச்சாக இருக்கின்றன.

புயலுக்குப் பிறகு கரண்ட் வராத நாட்களில் பிள்ளைகளோடு ஆடியதையும் சொல்ல வேண்டும். பொம்மைகளைக் கழுவி வெயிலில் காயவைத்தோம். மேசை, அலமாரி, சவப்பெட்டியெல்லாம் அட்டை என்பதால் ஊறிப் பிய்ந்துவிட்டன. கல்யாணப் பத்திரிகை அட்டையில் புதிதாக வெட்டி ஒட்டினோம். பிளந்த பலகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மறைப்புத் தட்டிக்குப் பின்னால் தீய மந்திரவாதியாக நான். ஒவ்வொரு கதவும் திறந்த பிறகுதான் உள்ளே இருப்பதை எடுத்து வைக்க வேண்டும். பெரியவளுக்கு அப்போது பத்து வயது. கதவு அட்டையைத் தொட்டுவிட்டு, திறக்கலாமா வேண்டாமா என்று தன் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். புதுப் பதிப்பில் அந்த வில்லன் வேலையை இலவச செயலி ஒன்று பார்த்துக்கொள்கிறது. ஆள் குறைந்த வீட்டுக்கு நல்ல வசதி. எனக்கு அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்க மனசு வராது.

புதுசில் தட்டுமுட்டுச் சாமான் முழுக்க பிளாஸ்டிக். நம்ம ஊர் ஈரத்துக்கு அதுதான் சரி. ஃபிமிர் அரக்கன் போய்விட்டது, அந்த இடத்தில் வேறு ஒன்று. சிவப்புக் கட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. முப்பது வருஷம் கழித்துத் திரும்பப் போட்டவர்களுக்கு அதைத் தொடக்கூட மனம் வரவில்லை.

நண்பருக்கு என் பதில்: பழசை வாங்காதீர்கள். இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் என்றால், நேற்று ராத்திரி, புது முதுகு கட்டிய பலகையில், தம்பி பிடிவாதமாகப் பழைய விதிப்படி ஆடி, அடுத்தடுத்து 3, 2 விழுந்து எங்கள் எல்ஃப் வீரன் செத்தான். அந்தக் கோபத்தில் இருப்பவனிடம் கேட்டால் இதுதான் வரும். கேட்கிற விலைக்குப் புதுசையே வாங்கி, எங்கள் வீட்டு விதியில் ஆடுங்கள்.

இல்லை, பழசுதான் வேண்டும் என்றால் பணம் கொடுப்பதற்கு முன் பொம்மைகளை எண்ணிப் பாருங்கள்: வீரர் 4, அரக்கர் 31. அட்டைச் சாமான்களில் பொருத்துகிற குட்டி எலியும் மண்டையோடும்தான் முதலில் தொலையும். பலகையை விரித்து மடிப்பை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பிளவு இருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். பைண்டிங் கடைக்கு நான் கூட்டிப் போகிறேன். வெள்ளைக் கட்டையில் கறுப்புக் கேடயம் தேய்ந்திருந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.