ஆம்புலன்ஸ் வண்டில ரெண்டு நாயோட மூணு மழைக்காலம்

ரெண்டு நாயோட வண்டிக்குள்ளயே குடியிருந்து குளிர்காலத்த எப்பிடி ஓட்டுதோம்னு சொல்லுதேன். திருநெல்வேலில ஏதுலே குளிர்காலம்னு சிரிப்பீங்க. சிரிச்சுக்கோங்க. ஐப்பசில புடிச்ச மழை மார்கழி வரைக்கும் விட்டு விட்டு அடிக்கும், பொறவு பனி, அவ்வளவுதான் எங்க ஊரு குளிர்காலம், ராத்திரி 22, 23 டிகிரி இருக்கும். ஆனா அந்த 22 டிகிரில நனைஞ்ச நாய் ரெண்டோட பத்தடி தகரப் பெட்டிக்குள்ள நாலு நாள் கெடந்து பாத்தாத்தான் தெரியும்.

எங்க வீட்ல அவுகளுக்கு காத்தாடி வேலை, கரண்ட் எடுக்குற காற்றாலைதான். வைகாசில இருந்து புரட்டாசி வரை காத்து சீசன், மிஷின நிறுத்த விடமாட்டாங்க, காத்து ஓஞ்ச பொறவுதான் மெயின்டனன்ஸ். அதனால ஐப்பசில கெளம்புனா மாசி வரைக்கும் பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம், அங்கிட்டு கயத்தாறுன்னு சைட் சைட்டா சுத்தணும். லாட்ஜ்ல நாய சேக்க மாட்டேங்காங்க, நாலு மாசத்துக்கு வீடும் யாரும் தரமாட்டாங்க. 2022ல ஒரு பழைய ஆம்புலன்ஸ் வண்டி வெலைக்கு வந்துச்சு, வாங்கி கட்டிலும் அடுப்பும் வச்சுட்டோம். நான் உள்ளயே உக்காந்து லேப்டாப்ல ஜிஎஸ்டி கணக்குப் பாக்கேன். (இப்படி மாத்துறதுன்னா மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி ஆர்டிஓ ஒப்புதல் வாங்கணும், அத விட்டுட்டு ரோட்ல எறக்கிராதீங்க. எங்களுக்கு அதுக்கே மூணு மாசம் போச்சு.)

நாய் ரெண்டு. செவலை சிப்பிப்பாறை, மணி தெருநாய். சிப்பிப்பாறைன்னா வேட்டை நாய், முயல வெரட்டுனா காத்து மாதிரி போகும், ஆனா தூத்தல் ஒரு சொட்டு மூக்குல விழுந்தா திரும்பி வந்து கட்டிலுக்கு அடியில படுத்துரும். முடி கம்மி, தோலு மெல்லிசு, அதான். மணிக்கு மழை ஒரு பொருட்டே இல்ல, இடின்னா மட்டும் என் மடியில ஏறிருவான், ஆளு 22 கிலோ.

மொத வருசம் நான் பண்ண பெரிய தப்பு, ஜன்னல எல்லாம் இறுக்கி அடைச்சது. குளிரும்ல, நாய் நடுங்குதேன்னு. கார்த்திகை மாசம் ஒரு நாள் விடியக்காலை முழிச்சா மொகத்துல சொட்டு சொட்டா தண்ணி. கூரை ஒழுகுதுன்னு நெனச்சு அவுக மேல ஏறி சிலிகான் பூசினாக. மறுநாளும் ஒழுகுது. இன்னொரு தடவ பூசினாக. மழையே இல்லாத ராத்திரிலயும் ஒழுகவும்தான் மண்டைல ஏறுச்சு, இது மழைத்தண்ணி இல்ல, எங்க மூச்சு. ரெண்டு மனுசன், ரெண்டு நாய், பத்தாததுக்கு உள்ளயே கேஸ் அடுப்பு. 1 கிலோ கேஸ் எரிஞ்சா ஒண்ணரை லிட்டருக்கு மேல தண்ணி ஆவியா வெளிய வருது, இத முன்னாடியே யாராவது சொல்லிருந்தா நான் உள்ள வச்சு இட்லி அவிச்சிருக்கவே மாட்டேன். அந்த ஆவி எல்லாம் ராத்திரி குளிர்ந்த தகரத்துல போயி ஒட்டி, சொட்டி, மெத்தைக்கு அடியில எறங்கிருது. மெத்தையத் தூக்கிப் பாத்தா பூஞ்சணம், அதுக்கு மேல நான் ஆசையா விரிச்ச பத்தமடைப் பாயும் கறுத்துப் போச்சு. பாய நெனச்சாத்தான் இன்னமும் வயிறு எரியுது.

அதுக்குப் பொறவு வைராக்கியமா ஒண்ணு வச்சுக்கிட்டோம். மழையோ பனியோ, ரெண்டு பக்க ஜன்னலும் ரெண்டு விரக்கட தெறந்தே இருக்கும், கொசுவலை அடிச்சு, மேல மழை அடிக்காம ஒரு மறைப்பு. கூரைல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், 12 வோல்ட், ராவும் பகலும் ஓடும். சமையல் வெளிய தார்ப்பாய்க்கு அடியில. யூடியூப்ல வெள்ளக்காரங்க வண்டில ஹீட்டர் மாட்டுறதப் பாத்துட்டு நீங்களும் ஹீட்டர் தேடாதீங்க, நம்ம ஊருக்கு வெதுவெதுப்பு முக்கியமில்ல, காத்துதான் முக்கியம். சைட்ல ஒரு ஆச்சி கரிச்சட்டி வச்சுக்கோ தாயி கணகணன்னு இருக்கும்னாக, மூடுன வண்டிக்குள்ள கரி எரிச்சா கார்பன் மோனாக்சைடு, வாடையே வராது, தூக்கத்துலயே முடிஞ்சிரும். கொசுவத்திச் சுருளும் உள்ள வேண்டாம்.

நாய்க்குன்னு பண்ணதுலயே உருப்படியானது கட்டில்தான். வண்டித் தரை தகரம், அதுல சாக்கு விரிச்சா சாக்கு ஈரம், போர்வை விரிச்சா போர்வை ஈரம். வள்ளியூர்ல சேர் பின்னுற அண்ணாச்சிகிட்ட போயி ஒரு சாண் ஒசரத்துக்கு இரும்புச் சட்டம் அடிச்சு நைலான் வயர் பின்னித் தரச் சொன்னேன். அளவு கேட்டாக, செவலைய வண்டில இருந்து எறக்கிக் காமிச்சேன். "நாய்க்கா? ஏட்டி, எனக்கே வீட்ல கட்டில் இல்ல"ன்னு சிரிச்சிக்கிட்டே பின்னிக் குடுத்தாக, 1,400 ரூவா. அடியில காத்து ஓடுது, நனைஞ்சாலும் ஒரு தொடப்பு தொடச்சா முடிஞ்சுது. மூணு வருசம் ஆச்சு, ஒரு வயர் அறுந்திருக்கு, அதும் மணி கடிச்சது.

தொவட்டுறதுக்கு தடி டவல் வாங்காதீங்க, ஒரு நாள் நனைஞ்சா மூணு நாள் நாறும். ஈரிழைத் துண்டு ஆறு வச்சிருக்கேன். ஆம்புலன்ஸ் கூரைல குளுக்கோஸ் பாட்டில் மாட்டுற கம்பி அப்பிடியே இருக்கு, துண்டெல்லாம் அதுலதான் தொங்கும், ஃபேனுக்கு நேர் கீழ. மொதல்ல காலு, வெரலு இடுக்கு, பொறவு வயிறு, கடைசிலதான் முதுகு. முதுக மட்டும் தொடச்சு விட்டா வெரலிடுக்குல புண்ணு வச்சிரும், மணிக்கு வச்சுது. செவலைக்கு பழைய டிசர்ட் வெட்டிப் போடுவேன், ஆனா மார்கழிப் பனிக்கு மட்டும். நனைஞ்ச டிசர்ட்டோட நாய் படுத்துக் கெடந்தா சட்டையே போடாம விடுறதே மேல்.

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கெழமை, ராதாபுரம் பக்கம் ஒரு செம்மண் மேட்டுல நிக்கோம். அன்னைக்குப் புடிச்ச மழை உங்களுக்கே தெரியும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், தாமிரபரணி கரை தாண்டி திருநெல்வேலி ஊருக்குள்ளயே தண்ணி. எங்களுக்கு மேடுங்கிறதால வெள்ளம் ஏறல, ஆனா பின் டயர் மண்ணுல பாதி பொதைஞ்சிருச்சு, போனும் இல்ல. அந்த ரெண்டு நாளும் பெரிய கஷ்டம் சாப்பாடு கூட இல்ல, செவலை ஒண்ணுக்குப் போகமாட்டேன்னுட்டா. பதினாலு மணி நேரம். வாசல்ல கொண்டு நிப்பாட்டுனா என்னயப் பாக்கா, மழையப் பாக்கா, உள்ள ஓடிருதா. கடைசில அவுக தார்ப்பாய வண்டிச் சைடுல இழுத்துக் கட்டி, அடியில சாந்துச் சட்டி நெறைய மண்ணக் கொட்டி வச்சாக, மணி அதுல காலத் தூக்குனான், வாடை புடிச்சு அவளும் போயிட்டா. எனக்கு அழுகையே வந்துட்டு. இப்பம் அந்தச் சட்டி மண்ணோட எப்பவும் வண்டில இருக்கு.

வெள்ளத் தண்ணில நடந்த நாய்க்கு எலிக்காய்ச்சல் வரலாம், வருசாந்திர தடுப்பூசில அதும் சேத்திதானான்னு கேட்டுக்கோங்க. எங்களுக்கு வந்தது உண்ணிக்காய்ச்சல். தை மாசம் மணி சோறு திங்கல, ஈறு வெளுத்துப் போச்சு. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம், ரத்தம் எடுத்துப் பாத்து டாக்சிசைக்ளின் 28 நாள். அஞ்சாம் நாளே வால ஆட்ட ஆரம்பிச்சிட்டான், அதுக்காக மாத்திரைய நிப்பாட்டக் கூடாது. மழை முடிஞ்சு புல்லு மொளைக்கும்போதுதான் உண்ணி ஜாஸ்தி, தெனமும் காதுக்குள்ள பாக்கணும். சளிக்கு ரெண்டு பூண்டு நசுக்கிப் போடுன்னு யாரும் சொன்னா கேக்காதீங்க, நாய்க்கு பூண்டும் வெங்காயமும் ஆகாது.

சோலார் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. அடைமழைல பேருக்குத்தான் கரண்ட் வரும், 100 ஏஹெச் (ஆம்பியர் ஹவர்) லித்தியம் பேட்டரிக்கு வண்டி எஞ்சின்ல இருந்தும் சார்ஜ் ஏறுற மாதிரி வச்சுக்கோங்க. பனமரத்துக்கு அடியில மட்டும் நிப்பாட்டாதீங்க, வாடைக் காத்துல காஞ்ச மட்டை விழுந்து ஒரு பேனல் போச்சு. கயத்தாறு பக்கம் கரிசல், மழை பேஞ்ச பொறவு தார் ரோட்ட விட்டு ஒரு சக்கரம் எறங்குனாலும் டிராக்டர்தான் வரணும். மாஞ்சோலை போலாம்னு ஆசப்படாதீங்க, புலிகள் காப்பகம், நாய உள்ள விடமாட்டாங்க.

இன்னொண்ணு, மழை விட்டு பளிச்சுன்னு வெயில் வருமே, அப்பந்தான் நாய வண்டில பூட்டிட்டுப் போறவங்க ஏமாறுறது. மார்கழியே ஆனாலும் மத்தியானம் 30 டிகிரி போகும், மூடுன தகரம் கால் மணி நேரத்துல அடுப்பு. நான் எங்கயும் போறதில்ல, போனா ரெண்டும் கூட வரும், அதனால பேங்க்ல என்னய வாசல்ல நிக்க வச்சே கையெழுத்து வாங்குதாங்க.

இந்த ஐப்பசிக்கு வேல ஒண்ணுதான் பாக்கி. செவலையோட கட்டில மணி புடுங்கிக்கிட்டான், அவ இப்பம் என் கட்டில்ல. வள்ளியூர் அண்ணாச்சிக்கு போன் போட்டேன். "அப்பமே ரெண்டா பின்னிருக்கலாம்லா தாயி"ன்னாக.