பால்மர வெட்டுக்கோடு வரைய கிரிட்டாவா, கிம்ப்பா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் பாட்டி முப்பது வருசம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்பு முடிந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பனி விலகாத நிரையில் அவர் நிற்கும் காட்சியை எண்பதாவது பிறந்தநாளுக்கு வரைந்து கொடுக்க ஆசைப்பட்டேன். புகைப்படம் திருத்திப் பழகிய கிம்ப் என்ற கணினிச் செயலியில்தான் ஆரம்பித்தேன். பாதியில் கிரிட்டா என்ற ஓவியச் செயலிக்கு மாறினேன். படம் அதில்தான் முடிந்தது.

இரண்டும் இலவசம், இரண்டும் திறமூலம் (நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது), விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரையும் அடுக்குகள், தூரிகை வகைகள், சமச்சீராக வரையும் வசதி இரண்டிலும் உண்டு. தீபாவளிக் கோலம் போடுவதென்றால் கிம்ப்பின் மண்டலா முறையும் கிரிட்டாவின் மல்டிபிரஷும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும். ஆனால் பிறந்த வழி வேறு. கிம்ப் 1995இல் பெர்க்லியில் படித்த இரண்டு மாணவர்கள் தொடங்கியது. படம் திருத்தவே வளர்ந்தது. கிரிட்டா 2009 வாக்கில் ‘நாம் ஓவியர்களுக்கு’ என்று முடிவெடுத்து அந்த வழியிலேயே வந்தது. கிரிட்டாவில், வரையும் மின்பேனாவின் பக்கப் பொத்தானை அழுத்தினால் பிடித்த தூரிகைகளும் கடைசியாகத் தொட்ட நிறங்களும் கை இருக்கும் இடத்திலேயே வட்டமாக விரியும். கிம்ப்பில் ஓரத்துப் பலகைகளுக்குக் கை போய்ப் போய் வரும்.

என்னை மாற வைத்தது கோடு.

பால் வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிந்து வரும். பட்டைக்குள் பால்குழாய்கள் லேசாகச் சாய்ந்திருப்பதால், அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். என்னிடம் இருப்பதோ உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பென் டேப்லெட், கணினியோடு இணைத்து மின்பேனாவால் வரையும் பலகை. அதில் அரை அங்குலம் கை நகர்ந்தால் திரையில் மூன்று அங்குலம் ஓடுகிறது, கையின் சிறு நடுக்கமும் பெரிதாகிவிடுகிறது. கிம்ப்பில் வரைந்த முதல் வெட்டைப் பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “ஏன்யா, மரத்தைக் காயப்படுத்தி வச்சிருக்க? கத்தி ஒரே சரிவுல இறங்கணும்யா.”

கிம்ப்பிலும் ‘ஸ்மூத் ஸ்ட்ரோக்’ இருக்கிறது. தரம், எடை என்று இரண்டே அளவுகள். எடையைக் கூட்டினால் கோடு வழவழப்பாகிறது, ஆனால் பேனாவின் அழுத்தம் சீராவதில்லை. நேரான கோடுதான், ஆனால் தடிமன் நெளிகிறது. கிரிட்டாவின் ‘ஸ்டெபிலைசர்’ இங்கேதான் ஜெயிக்கிறது. அதில் ‘டிலே’யைப் போட்டால் முனையைச் சுற்றி ஒரு சிறு வட்டம் வரும், அந்த வட்டத்துக்குள் கை எவ்வளவு நடுங்கினாலும் கோடு அசையாது. பேனாவை எடுத்ததும் மிச்சத் தூரத்தை அதுவே இழுத்து முடிக்க ஒரு தேர்வு, அழுத்தத்தையும் சேர்த்துச் சீராக்க இன்னொரு தேர்வு. 4, 6 விசைகளால் தாளைத் திருப்பி, சரிவை என் மணிக்கட்டுக்கு வாகாக வைத்து ஒரே இழுப்பு. பட்டையின் மேல்விளிம்பு கத்தி பட்டதுபோல் மெலிந்து தொடங்கி, பால் வடியும் கிண்ணமான மங்குக்கு மேலே வந்ததும் தடித்து நின்றது. நாற்பது தடவை அழித்து வரைந்த கோடு அது. இந்த முறை பாட்டி குறை சொல்லவில்லை. மங்கில் பால் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கணும் என்றார்.

கிரிட்டாவுக்குக் குறை இல்லாமல் இல்லை. ஏ3 தாள் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3508க்கு 4961 புள்ளிகள். 8 ஜிபி நினைவகமுள்ள என் பழைய கணினியில் பெரிய ஈரத்தூரிகையால் பனியைக் குழைக்கும்போது கோடு கைக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. கிம்ப் என் கணினியில் அவ்வளவு திணறியதில்லை. ஆனால் மத்தியான இடிமழையில் கரண்ட் போனபோது கிம்ப்பில் இரண்டு மணி நேர வேலையை இழந்திருக்கிறேன். கிரிட்டா குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும். நான் அதை ஐந்து நிமிடத்துக்குக் குறைத்து வைத்திருக்கிறேன்.

மைபெயின்ட் என்ற இன்னொரு ஓவியச் செயலியையும் இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன். எல்லையில்லாத தாள், தூரிகைகள் அருமை. முதல் கிறுக்கலுக்கு நல்லது என்பதற்குமேல் சொல்லும் அளவுக்கு அதில் வேலை செய்யவில்லை. கிரிட்டாவின் அனிமேஷனையும் நான் தொட்டதில்லை.

தமிழ் எழுத்துக்கு மட்டும் இன்றும் கிம்ப்பைத்தான் திறக்கிறேன். கொம்பும் காலும் சரியாக உட்காருகின்றன, படத்தின் மேலேயே தட்டித் திருத்தலாம். படத்தைக் கிரிட்டாவில் ஓப்பன்ராஸ்டர் கோப்பாகச் சேமித்தால் கிம்ப்பில் அடுக்குகளோடு திறக்கும். ஆனால் திரும்ப அதே வடிவில் சேமித்தால் எழுத்து வெறும் படமாகிவிடும், பிறகு ஒரு புள்ளியைக்கூடத் திருத்த முடியாது. ஆகவே பாட்டியின் பெயரை ஆகக் கடைசியில் எழுதி, கிம்ப்பின் சொந்த எக்ஸ்சிஎஃப் வடிவில் ஒரு பிரதி எடுத்து வைத்த பிறகுதான் பட்டணத்து அச்சுக்கடைக்கு அனுப்பினேன்.