நோட்டீஸில் எந்தச் சட்டம்? நிலம் எடுக்கும் மூன்று வழிகள்

நிலம் எடுக்க நோட்டீஸ் வந்துவிட்டால் ஊரில் எழும் முதல் கேள்வி, "ஏக்கருக்கு எவ்வளவு தருவார்களாம்?" என்பதுதான். அதைவிட முக்கியம் நோட்டீஸின் மேல்வரியில் உள்ள சட்டத்தின் பெயர். தமிழ்நாட்டில் எதற்காக எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும். பணக் கணக்கு இன்று ஏறக்குறைய ஒன்றுதான். நம் பேச்சு எவ்வளவு தூரம் எடுபடும் என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் 2013ஆம் ஆண்டு மத்திய நில எடுப்புச் சட்டம். 2014 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. நில உடைமையாளருக்கு இருப்பதிலேயே நல்ல சட்டம் இதுதான். எடுப்பதற்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு, அதாவது அங்குள்ள மக்களுக்கு என்ன பாதிப்பு என்ற ஆய்வு, அதற்கு மக்கள் கருத்துக் கேட்பு, முதல்நிலை அறிவிப்பு வந்தபின் ஆட்சேபிக்க 60 நாள். தனியார் கம்பெனிக்கு என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதமும், அரசு-தனியார் கூட்டுத் திட்டம் என்றால் 70 சதவீதமும் சம்மதிக்க வேண்டும். அரசு தனக்கே எடுத்தால் சம்மதம் தேவையில்லை. பலர் இதைக் கவனிப்பதில்லை. தொகை போதாது என்றால், மாவட்ட நீதிபதி தகுதியில் உள்ளவரோ அனுபவமுள்ள வழக்கறிஞரோ தலைமை வகிக்கும் ஆணையத்துக்குப் போகலாம். அதற்கு மேல் உயர் நீதிமன்றம்.

சரி, பணக் கணக்கு. பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு ஒருபுறம். அக்கம்பக்கத்தில் கடந்த மூன்று ஆண்டில் பதிவான பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரி மறுபுறம். எது அதிகமோ அது. கிராமப்புறமென்றால் அதை 1 முதல் 2 வரையிலான ஒரு எண்ணால் பெருக்குவார்கள். கிணறு, மரம், கட்டடம் தனி. மொத்தத்துக்கும் இன்னொரு மடங்கு சொலேஷியம், அதாவது ஆறுதல் தொகை. ஆனால் முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க நாமெல்லாம் விலையைக் குறைத்துத்தானே பத்திரம் எழுதினோம்? அது இங்கே வந்து கடிக்கும்.

அடுத்தது தேசிய நெடுஞ்சாலைச் சட்டம், 1956. தாக்க மதிப்பீடும் இல்லை, சம்மதமும் இல்லை. நிலத்தை எடுக்கப் போகிறோம் என்று அரசிதழில் 3ஏ பிரிவு அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஆட்சேபிக்க 21 நாள்தான். அப்புறம் எடுப்பதை உறுதிசெய்யும் 3டி பிரிவு அறிவிப்பு வெளியானதுமே நிலம் மத்திய அரசுடையது. தொகை பிடிக்கவில்லையென்றால் மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் போக வேண்டும். பெரும்பாலும் அவர் மாவட்ட ஆட்சியர். வருவாய்த்துறை அதிகாரி போட்ட விலையை அவருக்கு மேலே உள்ளவரிடமே முறையிடுகிற ஏற்பாடு! இந்தச் சட்டத்தில் சொலேஷியமே கிடையாது என்று முன்பு வைத்திருந்தார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாதென்றது. நடுவரின் தொகையை நீதிமன்றம் ரத்து செய்யலாம், கூட்டித் தர முடியாது என்று 2021இல் தமிழ்நாட்டு வழக்குகளிலேயே தீர்ப்பு வந்தது.

இந்தச் சட்டத்தின் போக்கைப் பார்க்க சேலம்-சென்னை எட்டுவழிச்சாலை போதும். 277 கிலோமீட்டர். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் அனுமதி வேலை தொடங்கும் முன் இருந்தால் போதும், 3ஏ அறிவிப்புக்கு முன்பே வேண்டியதில்லை என்றது. ஆனால் அவசரப்பட்டுப் பட்டாவில் பெயர் மாற்றியது தவறு என்பதில் இரண்டு நீதிமன்றங்களும் ஒன்றுதான்.

மூன்றாவது மாநிலத்தின் சொந்தச் சட்டம்: தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம், 1997. தொழிற்பேட்டை என்றால் இதுதான் வரும். மாநில நெடுஞ்சாலைச் சட்டம் 2001உம் இதே அச்சு. காரணம் கேட்டு ஒரு நோட்டீஸ், பிறகு அரசாணை. தாக்க மதிப்பீடு கிடையாது. இவை 2013 சட்டத்துக்கு முரணானவை என்று 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொல்ல, அதே ஆண்டு சட்டமன்றம் இவற்றை உயிர்ப்பிக்கும் சட்டம் போட்டது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இழப்பீடு மட்டும் 2013 கணக்குப்படி. எனக்கு இதில்தான் மனத்தாங்கல்: பணத்தை மத்தியச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டு, மக்களைக் கேட்கிற பகுதியை விட்டுவிட்டார்கள்.

இப்போது நான்காவதாக நேரடிப் பேச்சுவார்த்தையும் நடக்கிறது. விலை பேசி, அரசுக்குக் கிரயம் எழுதிக் கொடுப்பது. பணம் சீக்கிரம் வரும். ஆனால் மனமொப்பிக் கையெழுத்துப் போட்டபின் அதே நிலத்துக்குக் கூடுதல் தொகை கேட்பது ஏறக்குறைய முடியாத காரியம். கிரயப் பத்திரத்தின் வரைவை வீட்டுக்கு எடுத்துவந்து, ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் பதிவுக்குப் போங்கள்.